உறுப்புப் பெயர்களின் வேர் சொல்லும் அட்டைகள்: வாங்கலாம், ஒரு குறை உண்டு

உடற்கூறியல் பெயர்களை மனப்பாடம் செய்தே களைத்துப் போனவர்களுக்கு இந்த அட்டைப் பெட்டி பெரிய உதவி. முன்பக்கம் படம், பின்பக்கம் சொல் பிறந்த கதை, அவ்வளவுதான். ஆனால் ஆர்ட்டரி, அதாவது தமனி, அட்டை ஒன்றுக்காகவே வாங்கலாம். இறந்த உடலை அறுத்துப் பார்த்தபோது தமனிகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்ததால் அவற்றில் காற்றுதான் ஓடுகிறது என்று பழைய கிரேக்கர்கள் பலர் நம்பினார்கள், 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர்தான் உயிருள்ள விலங்குகளில் சோதித்து உள்ளே இருப்பது ரத்தம் என்று காட்டினார். தமனிக்குக் கிரேக்கத்தில் ஆர்ட்டீரியா என்று பெயர், மூச்சுக்குழாய்க்கும் அதே பெயர்தான் இருந்தது, பிரித்துச் சொல்ல 'சொரசொரப்பான' என்ற பொருளில் டிராக்கியா என்ற அடைமொழியைச் சேர்த்தார்கள், கடைசியில் அடைமொழியே பெயராக நின்றுவிட்டது! இதைப் படித்த பிறகு எனக்கு இரண்டுமே மறக்கவில்லை.

வால் எலும்பான காக்சிக்ஸ் குயிலின் அலகைப் போல இருப்பதால் வந்த பெயர், தசையைக் குறிக்கும் மசில் என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் சின்ன எலி என்று பொருள். இவையும் அருமை.

அப்புறம் அந்தக் குறை: உச்சரிப்பு எங்குமே இல்லை. கிரேக்கச் சொற்களை முதல்முறை பார்ப்பவர் நிச்சயம் திணறுவார், அடுத்த பதிப்பில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஐந்துக்கு நான்கு.