புது மரத்தளத்துக்குப் பளபள வார்னிஷா? கொஞ்சம் உஷார்

வீட்டுக்குப் பின்னால் புதிதாக மரத்தளம் போட்டோம். பலகை அடித்த தச்சர் மேல் ஒரு குறையும் இல்லை. ஏமாந்தது அதற்கு அப்புறம், மேல்பூச்சில்.

பூச்சு வேலைக்கு வந்தவர் ஒரு மாதிரிப் பலகையைக் காட்டினார். முகம் பார்க்கலாம் போலிருந்தது. "பாலியூரித்தேன் வார்னிஷ் சார், மூணு கோட். பத்து வருஷம் இந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்." எண்ணெய்ப் பூச்சு எப்படி என்று கேட்டேன். "அது வருஷா வருஷம் அடிக்கணும், உங்களுக்குத்தான் வீண் செலவு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த மாதிரிப் பலகை வெயிலையும் மழையையும் பார்த்ததே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் செய்தார். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் அது. வந்து இறங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. காய வேண்டாமா என்றால், "மேலே காஞ்சிடுச்சு, போதும்" என்றார். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கலாம். சில நிமிடத்தில் மரம் குடித்துவிட்டால் பூசலாம். முத்து மாதிரி நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். இதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் மழைக்காலம் முடிவதற்குள் திருகுகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பலகை முனைகளில் கொப்புளம். அப்புறம் பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பித்தது, அடியில் மரம் கறுத்திருந்தது. ஈரத்தில் கால் வைத்தால் வழுக்கல் வேறு. போன் செய்தேன். "மரம் சரியில்லை, தச்சரைக் கேளுங்க" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை. மிச்சம் வைத்துப் போன டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் 'உட்புறப் பயன்பாட்டுக்கு மட்டும்'. வயிறு எரிந்தது.

வெளியில் அடிக்கிற வார்னிஷாகவே இருந்தாலும் தரைக்கு நான் இனி ஒப்புக்கொள்ள மாட்டேன். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே படிந்த ஏடு அந்த அளவுக்கு ஈடுகொடுக்காமல் விரிசல் விடும். திருகு ஓட்டையிலும் வெட்டுமுனையிலும் நுழைகிற தண்ணீர், ஏடு மூடியிருப்பதால் சீக்கிரம் வெளியேறாது. நிறமில்லாத பூச்சென்றால் புற ஊதாக் கதிர் அதை ஊடுருவி மரத்தின் மேல்நாரைச் சிதைக்கும், பூச்சுக்குப் பிடிமானமே போய்விடும். மரத்துக்குள் ஊறுகிற, கொஞ்சம் நிறமி கலந்த எண்ணெய் வகை உரியாது, மங்கும். மங்கினால் கழுவி, காயவிட்டு, மேலேயே இன்னொரு தரம் பூசலாம். அடிக்கடி பூச வேண்டும் என்று அவர் சொன்னது உண்மைதான். உரிந்த வார்னிஷைச் சுரண்டுகிற வேலை எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதை நான் செய்தேன். நான்கு வார இறுதி போயிற்று. திருகுகளை உள்ளே இறக்காமல் தேய்க்கிற இயந்திரத்தை ஓட்டியதில் உப்புத்தாள் கிழிந்துகொண்டே இருந்தது. ரொம்ப வழவழப்பாகவும் தேய்க்கக் கூடாதாம், எண்ணெய் இறங்காது. கொஞ்சம் சொரசொரப்பான 80 நம்பர் தாளோடு நிறுத்திக்கொண்டேன். வெட்டுமுனைகளுக்கு நிறையக் கொடுத்தேன், தண்ணீரை அதிகம் குடிப்பது அவைதான். மரம் குடிக்காமல் மேலே நின்ற எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்தேன், விட்டால் பிசுபிசுக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் மாதிரியானவை ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அவருடைய மாதிரிப் பலகை இங்கேயே கிடந்தது. அதைக் கொல்லைப்பக்கம் வெயிலில் போட்டு வைத்தேன். போன வாரம் பார்த்தேன், ஓரம் உரியத் தொடங்கியிருக்கிறது.