லென்ஸ் அசையாத ‘60 மடங்கு ஜூம்’ கேமரா: வாங்கி ஏமாந்தவனின் எச்சரிக்கை

குறைந்த விலையில் நீண்ட ஜூம் கேமரா தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ‘64 மெகாபிக்சல், 4கே, 60 மடங்கு ஜூம், பறவை விலங்கு படங்களுக்கு ஏற்றது’ என்ற விளம்பரத்தோடு, கேள்விப்படாத பெயர்களில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற கேமராக்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. அதில் ஒன்றை நான் முழுப் பணம் கொடுத்து வாங்கினேன். அதில் ஜூம் லென்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேமரா. வீட்டிலும் பயணத்திலும் சாதாரணமாகப் படம் எடுக்க வேண்டும்; ஏரியின் அக்கரையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியையும் அதை வைத்தே எடுக்க வேண்டும். லென்ஸ் மாற்றும் கேமராவும் 600 மி.மீ. லென்ஸும் வாங்க வசதி இல்லை, சுமந்து திரிய ஆசையும் இல்லை. இந்தத் தேவைக்கென்றே, கழற்ற முடியாத நீண்ட ஜூம் லென்ஸோடு, பிரிட்ஜ் கேமரா என்று ஒரு வகை உண்டு. நிக்கான் கூல்பிக்ஸ் பி900, கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70, பானாசோனிக் எஃப்இசட்80 எல்லாம் அந்த வகைதான். விற்பவர் போட்டிருந்த படத்தில் இருந்ததும் பார்வைக்கு அப்படியே இருந்தது. தடித்த கைப்பிடி, மேலே திமில் போல ஃபிளாஷ், முன்னால் பருத்த லென்ஸ் குழல். விலை மட்டும் பாதிக்கும் குறைவு.

சும்மா வாங்கிவிடவில்லை. லென்ஸே நகர்ந்து தூரத்தை இழுப்பது ஆப்டிக்கல் ஜூம்; படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும் டிஜிட்டல் ஜூம். வாங்கும் முன் சாட்டில் கேட்டேன்: “60 மடங்கு என்பது ஆப்டிக்கல் ஜூமா, டிஜிட்டலா?” பதில் உடனே வந்தது: “ஃபுல் ஆப்டிக்கல் சார். நம்ம கஸ்டமர்ஸ் எல்லாம் நிலாவே எடுக்குறாங்க.” இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். பிறகு அதுதான் காப்பாற்றியது.

பெட்டி வந்தது. கையில் எடுத்ததுமே சந்தேகம் தட்டியது, அவ்வளவு லேசாக இருந்தது. பி900 கிட்டத்தட்ட 900 கிராம். எஸ்எக்ஸ்70, எஃப்இசட்80 இரண்டும் 600 கிராமைத் தாண்டும். கண்ணாடிக்கு எடை உண்டு, அதை ஏமாற்ற முடியாது. ஆன் செய்தேன். லென்ஸ் வெளியே வரவில்லை. ஜூம் நெம்புகோலைத் தள்ளினால் திரையில் எண் மட்டும் மளமளவென்று ஏறுகிறது, படம் ஊதிப் பெருக்கிறது; குழல் அசையவே இல்லை, மோட்டார் சத்தமும் இல்லை. பருத்த குழலுக்கு நடுவே இருந்த உண்மையான லென்ஸ் சட்டைப் பொத்தான் அளவுதான். மற்றதெல்லாம் பிளாஸ்டிக் அலங்காரம். கூடவே ஒரு ‘டெலி லென்ஸ்’ வேறு, முன்னால் திருகிக்கொள்ள. அதைப் போட்டால் ஓரமெல்லாம் கலங்கி, நடுவிலும் கூர்மை போய்விடுகிறது.

மீன்கொத்தியை எடுத்துப் பார்த்தேன். நீலமும் பழுப்புமாக ஒரு கறை. அலகு எது, கிளை எது என்று எடுத்த எனக்கே தெரியவில்லை. 64 மெகாபிக்சல் என்று தேர்ந்தெடுத்து எடுத்த படத்தைக் கணினியில் முழு அளவில் திறந்தால் தண்ணீரில் கரைத்த ஓவியம் மாதிரி இருக்கிறது. சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொடுக்கும் புள்ளிகள் கொஞ்சம்தான். இடைவெளியில் மென்பொருளே புள்ளிகளை இட்டு நிரப்பி எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுகிறது. கோப்பு பெரிதாகும், விவரம் ஒரு இம்மியும் கூடாது.

இப்படிப்பட்ட பொருளை வாங்கும் முன்பே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிஜமான ஜூம் கேமராவின் லென்ஸ் வளையத்தில், முன்பக்கம், இரண்டு குவியத் தூரங்கள் (லென்ஸ் எவ்வளவு தூரத்தை இழுக்கும் என்பதைச் சொல்லும் மி.மீ. எண்கள்) எழுதியிருக்கும். பி900இல் 4.3-357 மி.மீ. என்று இருக்கும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 83. அதுதான் அதன் ஆப்டிக்கல் ஜூம். எஃப்இசட்80இல் 3.58-215; வகுத்தால் 60. எஸ்எக்ஸ்70இல் 3.8-247, வகுத்தால் 65. எனக்கு வந்த கேமராவின் வளையத்தில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. ஒரே எண் என்றால் அது நகராத லென்ஸ், ஜூமே இல்லை. விளம்பரப் படத்தைப் பெரிதாக்கி வளையத்தைப் படியுங்கள். எழுத்தை மங்கலாக்கியோ அழித்தோ வைத்திருந்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள்.

சந்தேகம் தீராதவர்களுக்கு இன்னொரு கணக்கு. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் (லென்ஸ் விடும் வெளிச்சத்தின் அளவுகோல்; எண் சிறுத்தால் வெளிச்சம் கூடும்) வகுத்தால் லென்ஸின் திறப்பு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று தெரியும். பி900 முழு ஜூமில் எஃப்/6.5. 357ஐ 6.5ஆல் வகுத்தால் சுமார் 55 மி.மீ. அவ்வளவு அகலக் கண்ணாடியாவது முன்னால் இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் அதற்கு 67 மி.மீ. ஃபில்டர் போடுகிறார்கள். எஃப்இசட்80க்குக்கூட 36 மி.மீ. தேவைப்படுகிறது. சுண்டுவிரல் நுனி அளவுக் கண்ணாடியை வைத்துக்கொண்டு 60 மடங்கு என்றால், அது இயற்பியலையே விலைக்கு வாங்கப் பார்ப்பது.

கடையில் நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் சுலபம். மெனுவில் டிஜிட்டல் ஜூமை அணைக்கச் சொல்லுங்கள். நல்ல கேமராவில் அதை அணைத்த பிறகும் குழல் நீண்டு ஜூம் போகும். என்னிடம் வந்ததில் அப்படி ஒரு மெனுவே கிடையாது. அணைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்!

அதற்காகப் பெயர் பெற்ற நிறுவனங்களின் எண்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பி900க்கு 166 மடங்கு ‘டைனமிக் ஃபைன் ஜூம்’, எஸ்எக்ஸ்70க்கு 130 மடங்கு ‘ஜூம்பிளஸ்’ என்றெல்லாம் உண்டு. இவை படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான். நிறுவனங்கள் அதைத் தனியாகக் குறிப்பிடுகின்றன, குற்றம் சொல்ல முடியாது. மறுவிற்பனை செய்பவர்கள்தான் பெரிய எண்ணை மட்டும் பிடுங்கித் தலைப்பில் போடுகிறார்கள்.

மடங்கு என்பதே வெறும் விகிதம்தான், எட்டும் தூரத்தை அது சொல்லாது. எஸ்எக்ஸ்70 21 மி.மீ.யில் தொடங்கி 1365இல் முடிகிறது. எஃப்இசட்80 20இல் தொடங்கி 1200இல் முடிகிறது. (இந்தப் பத்தியில் வரும் மி.மீ. எண்கள் எல்லாம், வளையத்தில் இருப்பதை 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றியவை.) பி900 24இலிருந்து 2000 வரை போகும். பறவைக்குக் கடைசி எண்தான் முக்கியம், அதிலும் ஓரளவுக்குத்தான். பானாசோனிக் எஃப்இசட்300 600 மி.மீ.யிலேயே நின்றுவிடும், 24 மடங்குதான். ஆனால் முழு ஜூமிலும் எஃப்/2.8 திறப்பு, தூசும் நீர்த்துளியும் எளிதில் புகாத உடம்பு. விடியற்காலையில் மர நிழலில் நிற்கும் மானை எடுக்க, 2000 மி.மீ. கேமராவைவிட அதையே நான் எடுத்துக்கொள்வேன். எஃப்/6.5க்கும் எஃப்/2.8க்கும் நடுவில் வெளிச்சம் ஐந்து மடங்குக்கு மேல் மாறுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நல்ல பிரிட்ஜ் கேமராவை வாங்கிவிட்டு ‘இதுவும் ஏமாற்று’ என்று எழுதுகிறவர்களையும் பார்க்கிறேன். அது ஏமாற்று இல்லை, விற்றவர் உள்ளதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த கேமராக்களின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். பெரிய கேமராக்களில் இருக்கும் முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரின் பரப்பில் முப்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு சின்ன சென்சார் என்பதால்தான் லென்ஸ் கையில் அடங்குகிறது, விலையும் அடங்குகிறது. அதற்கு ஈடாக மாலை மங்கியதும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். பி900 நொடிக்கு 7 படம் என்ற வேகத்தில் 7 படம்தான் எடுக்கும்; பிறகு அதையெல்லாம் கார்டில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பறவை பறந்துவிடும். ரா கோப்பும் (சென்சார் பதிந்ததை மாற்றாமல் அப்படியே தரும் கோப்பு) அதில் கிடையாது. 2020இல் வந்த பி950இல்தான் சேர்த்தார்கள். வெயில் ஏறிய பிறகு முழு ஜூமில் எடுத்தால் சூடான காற்றே படத்தை நெளிய வைக்கும். எந்தக் கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது. உட்கார்ந்திருக்கும் பறவை, நல்ல வெளிச்சம் என்றால் மட்டும் இவை கொடுக்கும் படம் விலைக்கு மிஞ்சியதாக இருக்கும்.

சரி, பணம் என்ன ஆனது? திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதும் விற்பவரின் குரல் மாறியது. முதலில், “வெளிச்சம் பத்தல சார், செட்டிங் மாத்திப் பாருங்க.” அப்புறம், “பெட்டி பிரிச்ச வீடியோ இருக்கா?” அப்புறம், ஐந்து நட்சத்திரம் போட்டால் கொஞ்சம் பணம் திருப்பித் தருவதாகப் பேரம். இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தில் இருந்த பாராட்டுகளில் பாதி எப்படி வந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

நடுவில் அவரே ஒரு உதவி செய்தார். “இதே கேமராவில் எங்க கஸ்டமர் எடுத்தது” என்று ஒரு கழுகுப் படத்தை மெயிலில் அனுப்பினார். இறகு இறகாகத் தெரியும் படம். கோப்பின் எக்ஸிஃப் விவரத்தை (எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று கோப்புக்குள்ளேயே பதிவாகும் குறிப்பு) திறந்தேன்: வேறொரு நிறுவனத்தின் லென்ஸ் மாற்றும் கேமரா, 500 மி.மீ. லென்ஸ். அதையும் புகாரோடு சேர்த்தேன். வாங்கும் முன்பே மாதிரிப் படம் கேட்பது நல்லது. ஆனால் மூலக் கோப்பாகக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் அழிந்துவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தங்கும்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தபோது, “படம் நன்றாக இல்லை” என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் அது ரசனைப் பிரச்சினையாகிவிடும், இழுத்தடிப்பார்கள். “ஆப்டிக்கல் ஜூம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தார், பொருளில் அது இல்லை” என்ற ஒரே குற்றச்சாட்டு. சாட் ஸ்கிரீன்ஷாட், லென்ஸ் வளையத்தின் படம், ஜூம் செய்யும்போது குழல் அசையாததைக் காட்டும் சின்ன வீடியோ, கழுகின் எக்ஸிஃப். இந்த நான்கும் போதுமானதாக இருந்தது. விளம்பரப் பக்கத்தையும் முதல் வேலையாகச் சேமித்து வையுங்கள். புகார் போன மறுநாளே அதில் வாசகங்களை மாற்றிவிட்டார்கள். பணம் திரும்ப வந்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு என் தலையில்தான்.

கூடவே கொடுத்த மெமரி கார்டையும் சோதித்தேன். 128 ஜிபி என்று எழுதியிருந்தது, உள்ளே அதில் கால்வாசிகூட இல்லை. இப்படிப்பட்ட கார்டு அளவைப் பொய்யாகக் காட்டும். நிஜ இடம் தீர்ந்த பிறகு எடுத்த படங்கள் தொலைந்துபோகும். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். இலவசமாக வரும் கார்டு எதையும் சோதிக்காமல் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் போனது பழைய கேமராவுக்குத்தான். அந்தப் போலிக்குக் கொடுத்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால், பெயர் பெற்ற நிறுவனத்தின் பழைய மாடல் கிடைக்கும். அங்கேயும் ‘புதிது மாதிரி’ என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. குழல் நீண்டு சுருங்கும்போதெல்லாம் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். லென்ஸைக் கழற்ற முடியாததால் சென்சாரில் படிந்த தூசியை வீட்டில் துடைக்க வழியில்லை, முழுக்கப் பிரித்தாக வேண்டும். ஆகவே முழு ஜூமில், எஃப்/8 வைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அதில் பளிச்சென்று தெரியும். டார்ச் அடித்து லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து முறை ஆன் செய்து அணைத்து, ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுங்கள். குழல் திணறினாலோ ‘லென்ஸ் எரர்’ என்று வந்தாலோ வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறதா, அதன் மாடல் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நான் பார்க்கப் போன முதல் ஆள், என் கார்டைப் போட்டு நாலு படம் எடுத்துக்கொள்கிறேன் என்றதும், “அதெல்லாம் எதுக்கு சார், ஸ்கிரீன்லயே பாருங்க” என்றார். கேமராவை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்தவர் கார்டு போட விட்டார், வானத்தை எடுக்க விட்டார், வீட்டில் போய்ப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் வரச் சொன்னார். அவரிடம்தான் வாங்கினேன், ஒரு எஃப்இசட்300.