பேஸிலேயே வீடா, பறந்து போய் வேலையா? ராணுவத்திலிருந்து ஏர்லைனுக்கு வரும் விமானிகளுக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்க விமானப்படையிலோ கடற்படையிலோ பத்து, இருபது வருடம் பறந்துவிட்டு ஏர்லைனுக்கு வருகிறவர்கள் பயிற்சி வகுப்பின் முதல் வாரத்தில் மண்டையை உடைத்துக்கொள்வது 737-ஆ ஏர்பஸ்ஸா என்பதற்காக. விமானம் எதுவானாலும் மூன்று மாதத்தில் கை பழகிவிடும். வீடு எங்கே என்பதுதான் அடுத்த ஐந்தாறு வருடம் கூடவே வரும். பேஸ் என்றால் உங்கள் பயணங்கள் தொடங்கி முடியும் விமான நிலையம். கம்பெனி ஒதுக்கும் பேஸ் இருக்கும் ஊருக்கே குடிபோவது ஒரு வழி. கடைசியாகப் பணியாற்றிய ராணுவ ஊரிலேயே வீட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் விமானம் ஏறி வேலைக்குப் போவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் கம்யூட் என்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேஸ் கட்சி. நான் எடுத்த முடிவும் அதுதான். ஆகவே கீழே தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பேஸ் இருக்கும் பெருநகரங்களில் வீட்டு விலை அதிகம், நெரிசல் அதிகம். ராணுவ ஊர்களில் இரண்டும் குறைவு, நண்பர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

விஷயம் என்றால் ரிசர்வ். புதிதாகச் சேர்ந்தவருக்கு லைன் எனப்படும் நிலையான மாத அட்டவணை கிடைக்காது. கூப்பிட்டால் வர வேண்டிய ரிசர்வ் பட்டியலில்தான் பெயர் இருக்கும். அதில் இரண்டு வகை. லாங் கால் என்றால் அரை நாள் அளவுக்கு முன்கூட்டியே சொல்வார்கள். ஷார்ட் கால் என்றால் கம்பெனி ஒப்பந்தத்தைப் பொறுத்து இரண்டு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூடுதலான நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் விமானப் போக்குவரத்து விதிகளின் 117-ஆம் பகுதிப்படி ஷார்ட் கால் காத்திருப்பு ஒரு தடவைக்கு 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு முன் 10 மணி நேர ஓய்வு தர வேண்டும். ஆனால் அந்த ஓய்வை எந்த ஊரில் எடுக்கிறீர்கள், அதில் எவ்வளவு நேரம் அடுத்தவர் விமானத்தில் உட்கார்ந்து வந்தீர்கள் என்பதை விதி கேட்பதில்லை. கம்யூட் நேரம் பணிக் கணக்கிலும் சேராது.

பேஸில் வீடு இருப்பவருக்கு ஷார்ட் கால் எப்படிப் போகும்? போனை சார்ஜில் போட்டுவிட்டு, சீருடையைக் கதவோரம் மாட்டிவிட்டு, பையனைப் பள்ளியில் விட்டு வரலாம், புல் வெட்டலாம். கூப்பிடாவிட்டாலும் மாத உத்தரவாதச் சம்பளம் வந்துவிடும். கூட்டம் குறைந்த மாதத்தில் ரிசர்வ் என்பது கிட்டத்தட்டச் சம்பளத்தோடு வீட்டில் இருப்பது. சீனியர்கள் சிலர் லைன் கிடைத்தும் வேண்டுமென்றே ரிசர்வ் கேட்பது இதனால்தான்.

கம்யூட் செய்பவருக்கு அதே ஷார்ட் கால் வேறு மாதிரி. அதிகாலை 4 மணிக்குக் காத்திருப்பு தொடங்குகிறது என்றால் முந்தின நாளே கிளம்பி வந்தாக வேண்டும். தங்குவது க்ராஷ் பேடில்: விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வாடகையைப் பங்கு போடும் வீடு, அறைக்கு இரண்டு மூன்று அடுக்குக் கட்டில். ஹாட் பங்க் என்றால் கட்டில் உங்களுடையது இல்லை. காலியாக இருக்கும் கட்டிலில் உங்கள் விரிப்பைப் போட்டுப் படுத்து, போகும்போது அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கோல்ட் பங்க் என்றால் கட்டில் உங்களுக்கே, வாடகையும் கூட. போன் அடிக்காத நாளும் அந்தக் கட்டிலில்தான் கழியும். சம்பளம் அதே சம்பளம்தான், ஆனால் குடும்பம் ஆயிரம் மைலுக்கு அப்பால்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். மாதத்தில் 12 நாள் விடுமுறை, மூன்று மூன்று நாளாக நான்கு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ரிசர்வ் நாள் இரவு தாமதமாக விடுவிக்கிறார்கள், ஊருக்கு விமானம் இல்லை. மறுநாள் காலைதான் கிளம்ப முடியும். மூன்றாம் நாள் மாலையே திரும்பக் கிளம்ப வேண்டும். துண்டுக்கு ஒரே ஒரு முழு நாள்தான் தேறும். ஆக 12 நாள் என்பது 4 முழு நாள், 8 அரை நாள். இது மோசமான மாதத்தின் கணக்கு, எல்லா மாதமும் இப்படி இருக்காது. ஆனால் ஜூனியருக்கு மோசமான மாதம்தான் அடிக்கடி வரும்.

இதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். ரிசர்வைத் தாங்க முடியாததால் கம்யூட் செய்பவர் எடுக்கும் அடுத்தடுத்த முடிவுகளில்தான் உண்மையான இழப்பு. ஏர்லைனில் எல்லாம் சீனியாரிட்டி எண்: பேஸ், விமானம், விடுப்பு, மாத அட்டவணை, கேப்டன் இருக்கை. கேப்டனாக எண் எட்டிய அன்று அந்தப் பட்டியலில் நீங்கள்தான் கடைசி ஆள். மறுபடியும் ரிசர்வ், மறுபடியும் அடுக்குக் கட்டில். லைன் கிடைத்துப் பழகிவிட்ட துணை விமானி, 'இன்னும் இரண்டு வருடம் போகட்டும்' என்று கேப்டன் பதவியைத் தள்ளிப்போடுவார். பேஸில் இருப்பவர் அன்றே கையெழுத்துப் போடுவார். கேப்டனுக்கும் துணை விமானிக்கும் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசம் சின்னதல்ல. ஓய்வு வயது 65 என்று 2007-இல் சட்டமாகிவிட்டது. இருபது வருட ராணுவப் பணி முடித்து 43 வயதில் ஏர்லைனுக்கு வருகிறவருக்கு மொத்தம் 22 வருடம்தான் கையில். அதில் இரண்டு மூன்று வருடக் கேப்டன் சம்பளத்தை விட்டுக்கொடுப்பது, ராணுவ ஊரில் வீட்டு விலையில் மிச்சப்படுத்தியதை அப்படியே விழுங்கிவிடும். இருபத்திரண்டு வயதில் சிவிலியனாகத் தொடங்கியவருக்கு இது அவ்வளவு உறைக்காது.

கூடுதல் வேலையும் இதே கதைதான். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் பயணம், கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காமல் விமானிக்குக் கூடுதல் சம்பளம் தந்து விடும் பயணம், இரண்டையும் எடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். ஐந்து மணி நேரச் சம்பளத்துக்காக இரண்டு விமானம் மாறி யார் வருவார்கள்?

கம்யூட் எப்படிக் கெட்டுப்போகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பயணிகள் இருக்கை காலியாக இருந்தால் அதில். இல்லையென்றால் கேப்டனிடம் அனுமதி கேட்டு காக்பிட்டில் இருக்கும் ஜம்ப்சீட்டில். ரீஜனல் ஜெட்டில் ஜம்ப்சீட் ஒன்றே ஒன்று. அதற்கும் அந்தக் கம்பெனி ஆளுக்கே முன்னுரிமை, நீங்கள் அடுத்த கம்பெனி என்றால் வரிசையில் பின்னால்தான். விமானம் நிறைந்து எடை வரம்பைத் தொட்டால், இருக்கை காலியாக இருந்தும் ஏற்ற மாட்டார்கள். கோடை ஞாயிறு மாலைகளும் நன்றிப் பெருநாள் (தேங்க்ஸ்கிவிங்) வாரமும் இதற்குப் பேர்போனவை. பல ஒப்பந்தங்களில் கம்யூட்டர் விதி ஒன்று உண்டு: இடம் இருந்த இரண்டு விமானங்களை முன்கூட்டியே குறிவைத்து, இரண்டிலும் ஏற முடியாமல் போனால் தண்டனை இல்லை. விதியை வரி வரியாகப் படியுங்கள். யாரிடம், எப்போது போன் செய்து சொல்ல வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தகுதிகாண் காலமான முதல் வருடத்தில் அந்த விதியை நம்பி ஒரு பயணத்தைத் தவறவிடாதீர்கள்.

களைப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407 விமானத்தின் இரண்டு விமானிகளுமே நெவார்க் பேஸுக்குக் கம்யூட் செய்தவர்கள். துணை விமானி இரவெல்லாம் சியாட்டிலிலிருந்து பறந்து வந்திருந்தார். மொத்தம் 50 பேர் இறந்தார்கள். களைப்புதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு எழுதவில்லை. ஆனாலும் இன்றைய ஓய்வு விதிகளுக்கு வித்திட்ட விபத்து அது. வேலைக்கு வரும்போது தகுதியான நிலையில் இருக்க வேண்டிய பொறுப்பை 117-ஆம் பகுதி விமானியின் தலையிலும் வைக்கிறது.

ராணுவத்திலிருந்து வருகிறவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. பலர் முழுநேரப் பணியை விட்டாலும் பகுதிநேரமாக ராணுவத்தின் ரிசர்வ் படைப் பிரிவிலோ மாநிலப் படையான நேஷனல் கார்டிலோ தொடர்வார்கள். வீடு ஓர் ஊர், பேஸ் ஓர் ஊர், படைப்பிரிவு மூன்றாவது ஊர் என்று முக்கோணமாகிவிட்டால் காலண்டரில் வெள்ளை நாளே மிஞ்சாது. படைப்பிரிவில் மாதம் ஒரு வார இறுதி மட்டுமே பணி என்பது காகிதத்தில்தான். பறக்கும் தகுதியைக் காப்பாற்ற அதற்கு மேலும் நாள் கேட்கும். ஆகவே மூன்றில் இரண்டையாவது ஒரே ஊரில் கட்டுங்கள். முடிந்தால் மூன்றையுமே. ஃபோர்ட் வொர்த்தில் ரிசர்வ் போர்விமானப் பிரிவு, பக்கத்திலேயே டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த் பேஸ். அதேபோல லூக் விமானப்படைத் தளமும் ஃபீனிக்ஸ் பேஸும். டிராவிஸ் தளமும் சான் பிரான்சிஸ்கோ பேஸும். நியூ ஜெர்சியின் மெக்வயர் தளத்திலிருந்து ஃபிலடெல்ஃபியா, நெவார்க் இரண்டுக்குமே காரில் போகலாம். ராணுவ ஊரான கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து டென்வர் விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். குளிர்காலப் பனியில் அதை நம்பி ஷார்ட் காலில் உட்காருவது கொஞ்சம் துணிச்சல்தான்.

கம்யூட்டுக்கும் நியாயம் இல்லாமலில்லை. மூன்று வருடத்துக்கொரு முறை பெட்டி கட்டிய குடும்பம், 'இனி ஒரு அடி நகர மாட்டோம்' என்று சொன்னால் அதற்குப் பதில் இல்லை. துணைவரின் வேலை ஒருவழியாக நிலைத்திருக்கும், பெண் பதினோராம் வகுப்பில் இருப்பாள். இரண்டு வருடத்துக்காகக் கம்யூட் செய்வது அங்கே புத்திசாலித்தனம். பெரிய ரக விமானத்தில் மாதம் மூன்று நான்கு நீண்ட பயணம் மட்டுமே என்றாலும் தாங்கும். ஒரே நேரடி விமானம், அதுவும் நாளுக்கு ஏழெட்டு முறை ஓடுகிறது என்றாலும் சரி. திசையையும் பாருங்கள். கிழக்கே வீடு, மேற்கே பேஸ் என்றால் போகும்போது கடிகாரம் உங்கள் பக்கம்: காலை 6 மணிக்குக் கிளம்பி உள்ளூர் நேரம் 9 மணிவாக்கில் இறங்கிவிடலாம். திரும்பும்போது இரவு விமானத்தில் கண் விழிக்க வேண்டியிருக்கும். மேற்கே வீடு, கிழக்கே பேஸ் என்றால் முந்தின நாளே கிளம்பாமல் முடியாது.

வரியிலும் ஒரு சலுகை உண்டு. மத்தியச் சட்டப்படி விமானியின் சம்பளத்துக்கு வரி கேட்கும் உரிமை, அவர் குடியிருக்கும் மாநிலத்துக்கும் பாதிக்கு மேல் சம்பளம் ஈட்டும் மாநிலத்துக்கும்தான். பறப்பதெல்லாம் பல மாநிலங்களில் என்பதால், மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸிலோ ஃபுளோரிடாவிலோ உண்மையிலேயே வசித்துக்கொண்டு நியூயார்க் பேஸில் பறப்பவர் பொதுவாக நியூயார்க் வருமான வரியிலிருந்து தப்பிவிடுவார். 'உண்மையிலேயே' என்ற சொல் முக்கியம். சீருடையில் இருந்தபோது வேறு மாநிலத்தில் வாழ்ந்தும் டெக்சாஸ்காரராகவே இருக்க விட்ட சட்டப் பாதுகாப்பு, சீருடையோடு போய்விடும்.

பேஸ் மூடப்படும் அபாயமும் கம்யூட் கட்சியின் வாதம். மெம்ஃபிஸ் மையத்தை டெல்டா 2013-இல் மூடியது, கிளீவ்லாண்ட் மையத்தை யுனைடெட் 2014-இல் சுருக்கியது. பேஸை நம்பி வீடு வாங்கியவர்கள் ஒரே நாளில் கம்யூட்டர் ஆகிவிடுவார்கள். சின்னப் பேஸை நம்பி வீடு வாங்காதீர்கள். டல்லாஸ், அட்லாண்டா, டென்வர், சிகாகோ மாதிரி ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிக்குப் பேஸ் இருக்கும் ஊர் என்றால் விற்கவும் ஆள் கிடைக்கும். சரக்கு விமானக் கம்பெனிகளில் கணக்கு வேறு. வேலைக்கு வரக் கம்பெனியே டிக்கெட் செலவை ஏற்கும் ஏற்பாடுகள் அங்கே உண்டு, அப்போது கம்யூட் அவ்வளவு உறுத்தாது. அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் பயணிகள் விமானக் கம்பெனிகளுக்கு மட்டுமே இதைப் பொருத்திப் பாருங்கள்.

பேஸ் என்று முடிவு செய்தவர்கள் அவசரத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. பணி ஓய்வு பெறுபவருக்கு அரசுச் செலவில் கடைசியாக ஒரு முறை விருப்பப்பட்ட ஊருக்கு வீட்டுச் சாமான் மாற்றித் தருவார்கள். பேஸ் தெரிவதற்கு முன்பே அதைச் செலவழித்துவிட்டால் அடுத்த லாரிக்கு உங்கள் பணம்தான். ஏர்லைன் புதியவருக்கு இதற்கெல்லாம் தருவது அபூர்வம். காலக்கெடு உண்டு, எழுத்து மூலம் நீட்டிப்பும் கேட்கலாம். அதுவரை சாமான் கிடங்கில் இருக்கட்டும். வந்த உடனே வீடும் வாங்காதீர்கள். முதலில் கிடைக்கும் பேஸ், சீனியர்கள் வேண்டாம் என்று விட்டதாகத்தான் இருக்கும். எண் கொஞ்சம் ஏறியதும் மாறலாம். ஒரு வருடம் வாடகை போதும். முன்னாள் படைவீரர் வீட்டுக் கடன் முன்பணமில்லாமல் கிடைக்கும் என்பதால் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தக் கடன் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான், வாடகைக்கு விடவென்றே வாங்கும் வீட்டுக்கு இல்லை.

வீடு பார்க்கும்போது வரைபடம் காட்டும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதிகாலை மூன்றரைக்கு ஒரு முறை, வேலைநாள் மாலை ஐந்துக்கு ஒரு முறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஊழியர் வாகன நிறுத்தத்தில் வண்டியை விட்டு, ஷட்டில் பேருந்துக்குக் காத்திருந்து, பாதுகாப்புச் சோதனை தாண்டி, கேட் வரை. பெரிய நிலையங்களில் நிறுத்தத்திலிருந்து கேட்டுக்கே அரை மணி நேரம் ஓடிவிடும். ஷார்ட் கால் இரண்டு மணி நேரம் என்றால், குளித்துச் சீருடை மாட்டும் நேரம் போக, வீட்டு வாசலிலிருந்து அந்த நிறுத்தம் வரை ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகாத வீடாகப் பாருங்கள்.