டிரிம்மர் சத்தம் ஆகாதவர்களுக்குத் தொண்டையார்பேட்டையில் ஒரு சலூன்

தொண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் டி.எச். ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது, போர்டு வெயிலில் வெளுத்துப் பெயரே தெரியாது, இரண்டே நாற்காலி, ஏசி கிடையாது, கட்டிங் 150 ரூபாய். இதற்கு ஏன் ரிவ்யூ என்றால், எனக்கு ஆட்டிசம், வயது 26, முடி வெட்டப் போகணும் என்றால் ஒரு வாரம் முன்பே வயிற்றைக் கலக்கும்.

பதற்றமானால் விரல்களை உதறுவேன், உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுவேன், முகம் பார்த்துப் பேச வராது. முன்பு போய்க்கொண்டிருந்த கடையில் நாற்காலியில் இருப்பது நான், கேள்வி மட்டும் பெஞ்சில் இருக்கும் என் அண்ணனுக்கு: "இவருக்கு எப்படி வெட்டணும்?" ஒரு நாள் விரலை உதறியதற்குக் கையைப் பிடித்து அழுத்தியே வைத்துவிட்டார்கள். பக்கத்து ஆள் "தண்ணியா?" என்றார், காலை 11 மணிக்கு! இன்னொரு வகை, "பாவம்பா" என்று தலையைத் தடவுகிறவர்கள். சரி, அசையாமல் அடக்கிக்கொண்டு இருந்தால்? பஸ்ஸில் அடையாள அட்டையைக் காட்டும்போது "பார்த்தா நல்லாதானே இருக்கே" என்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்த்திதான் என்று ஒவ்வொருவருக்கும் கிளாஸ் எடுக்க முடியுமா?

2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சின்ன வீடியோவைப் பார்த்தவர்களுக்குச் சில நொடியிலேயே அவர்களோடு பழகும் விருப்பம் குறைந்ததாம், அதே பேச்சை எழுத்தில் மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வித்தியாசமே இல்லையாம். எனக்கு ஆச்சரியமில்லை.

அதனால் இங்கே முதல் தடவை போனபோதே போனில் டைப் பண்ணி நீட்டினேன்: டிரிம்மர் வேண்டாம், கத்திரி மட்டும், கழுத்தைத் தொடும் முன் சொல்லுங்க. கடைக்கார அண்ணா கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார், டிரிம்மரை பிளக்கிலிருந்து உருவி டிராயரில் போட்டார், அப்புறம் "காது ஓரம் பிளேடு போடலாமா தம்பி, வேணாமா?" என்று கேட்டார். கூட வந்த அண்ணன் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் உதற ஆரம்பித்தால் கத்திரியை விலக்கிக்கொண்டு நிற்பார், ஆறிப்போன டீயைக் குடிப்பார், நான் தலையாட்டினால்தான் மறுபடி. காத்திருந்த ஒருவர் "தம்பிக்கு என்ன..." என்று இழுத்தார். "அவருக்கு மெஷின் சத்தம் புடிக்காது. நீ பேப்பரைப் படி" என்று முடித்துவிட்டார்.

குறையும் உண்டு. டிவி ஓடிக்கொண்டே இருக்கும், கேட்டால்தான் குறைப்பார். கத்திரி மட்டும் என்பதால் முக்கால் மணி நேரம் ஆகும். இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் ஏற்ற இறக்கம், இது அம்மா கண்டுபிடித்தது.

செவ்வாய் லீவு, ஞாயிறு கூட்டம். மற்ற நாளில் மதியம் 2 மணிக்கு மேல் காலியாக இருக்கும். முடிந்ததும் கேட்காமல் கழுத்தில் பவுடர் அடித்துவிடுவார், அதையும் முதலிலேயே டைப் பண்ணிக் காட்டிவிடுங்கள், நான் இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன்.