சட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) குறுங்கடன் கடைகள்: 2,000 ரேண்ட் வாங்கினால் எவ்வளவு போகும்?

சம்பளச் சீட்டும் 3 மாத வங்கிக் கணக்குத் தாளும் கொடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே பணம் கைக்கு வந்துவிடும். பதிவு பெற்ற கடைகளின் பெரிய பலம் அந்த வேகம்தான். சுவரில் என்.சி.ஆர் (தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பு) சான்றிதழ் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உட்காரவே வேண்டாம்.

வட்டியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 2,000 ரேண்டை ஒரு மாதத்துக்கு வாங்கினால் சட்டப்படி அதிகபட்சம் இவ்வளவு: ஆண்டின் முதல் கடனுக்கு வட்டி 5 சதவீதம், அதாவது 100 ரேண்ட். தொடக்கக் கட்டணம் 265. சேவைக் கட்டணம் 60. இரண்டுக்கும் வாட் 48.75. ஆக 2,473.75 கட்ட வேண்டும், காப்பீடு போட்டால் இன்னும் 9. வட்டியைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் கட்டணமே தின்றுவிடுகிறது.

சம்பளம் வந்ததும் அடைத்துவிட்டு, அன்றைக்கே மறுபடி 2,000 வாங்குவார்கள் பாருங்கள், அங்கேதான் குழி. அதே ஆண்டில் அடுத்த கடனுக்கு வட்டி 3 சதவீதமாக இறங்கும். தொடக்கக் கட்டணமோ மறுபடி முழுசாக விழும். இப்படி 3 தடவை சுழற்றினால் அது மட்டும் 795 ரேண்ட், வாட் தனி. முதலிலேயே 3 மாதத் தவணையாகக் கேட்டால் 265தான். கையெழுத்துப் போடுமுன் கட்டண விவரத் தாளை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். 5 வேலை நாள் அது செல்லும்.

மஷோனிசாக்களின், அதாவது பதிவு பெறாத கந்துவட்டிக்காரர்களின், கதை வேறு. இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்ட ஏடிஎம் அட்டைக் கட்டு, சாசா (அரசு உதவித்தொகை) அட்டைகளும் சேர்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் பின் எண் எழுதிய துண்டுச்சீட்டு. அட்டையையும் பின் எண்ணையும் வைத்து வசூலிப்பது தேசியக் கடன் சட்டத்தின் 133ஆம் பிரிவில் குற்றம். இது நாடு முழுவதுக்கும் ஒரே சட்டம்.

அட்டை ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தால் முதலில் வங்கிக்குப் போய் அதை ரத்துச் செய்து புது அட்டை, புது பின் எண் வாங்குங்கள். காவல் நிலையம் அப்புறம். என்.சி.ஆரிடம் புகார் செய்யப் படிவம் 29 போதும், காசு கேட்க மாட்டார்கள்.