டர்பன் சமையலறையில் பொட்டாசியம் உப்பு: எந்தக் கறிக்கு ஆகும், யாருக்கு ஆகாது

பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளிலும் சில மருந்துக் கடைகளிலும் சாதாரண உப்புக்குப் பக்கத்தில் ‘சோடியம் குறைத்த உப்பு’ என்று ஒரு பாக்கெட் இருக்கும். விலை கூடுதல். பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் இதை வாங்கலாமா என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் கேட்காத குடும்பம் குறைவு. வாங்கலாம், பலன் உண்டு. ஆனால் சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அவர்கள் யார் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பாக்கெட்டுக்குள் இருப்பது சாதாரண உப்போடு பொட்டாசியம் குளோரைடு கலந்த கலவை. பொதுவாக மூன்று விகிதங்களில் கிடைக்கும். முதலாவதில் முக்கால் பங்கு சோடியம் உப்பு, கால் பங்கு பொட்டாசியம். இரண்டாவது பாதிக்குப் பாதி. மூன்றாவதில் மூன்றில் இரண்டு பங்கு பொட்டாசியம். முன்பக்க எழுத்தை நம்பாமல் பின்பக்கப் பட்டியலில் பொட்டாசியம் குளோரைடு, அல்லது 508 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ‘இயற்கை’, ‘கடல்’, ‘இமயம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது பழைய உப்பைத்தான். இளஞ்சிவப்பு இந்துப்பிலும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான்.

கணக்கு எளிது. 1 கிராம் சாதாரண உப்பில் சுமார் 390 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலவையில் அது 195 ஆகிவிடும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவு. உப்பாகச் சொன்னால் 5 கிராம், தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூனைவிடக் கொஞ்சம் குறைவு. இது கையால் போடும் உப்பு மட்டுமல்ல, பிரெட், அச்சார் (ஊறுகாய்), சிப்ஸ் எல்லாவற்றிலும் உள்ளதையும் சேர்த்த அளவு.

பலன் இருக்கிறது என்பதற்குச் சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வே வலுவான சான்று. 2021-இல் முடிவு வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைச் சுமார் ஐந்து ஆண்டுகள் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு பிரஷர் சராசரியாக 3 புள்ளிக்குச் சற்று மேல் குறைந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 3 புள்ளி சின்னதாகத் தெரியலாம், ஆனால் இதில் சமையலை மாற்றவே வேண்டியதில்லை, பாக்கெட்டை மாற்றினால் போதும். 2025 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பும் வீட்டு உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பரிந்துரையில் அடங்கமாட்டார்கள்.

அந்த விலக்கு நம்மவர்களுக்கு மிக முக்கியம். நம் வீடுகளில் சர்க்கரை நோயும் பிரஷரும் சேர்ந்தே வரும், பல ஆண்டு சர்க்கரையில் சிறுநீரகம் சத்தமில்லாமல் தளர்ந்துவிடும். 5 கிராம் பாதிக்குப் பாதி உப்பில் சுமார் 1,300 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, மூன்று வாழைப்பழத்துக்குச் சமம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. தெரியும்போது தசை தளர்ச்சியாகவோ, இதயத் துடிப்பு தாறுமாறாவதாகவோ இருக்கும்.

மாத்திரையையும் பார்க்க வேண்டும். அரசு கிளினிக்கில் பிரஷருக்குப் பெரும்பாலும் கொடுப்பவை ஹைட்ரோகுளோரோதயசைடு, அம்லோடிபின், எனலாப்ரில். இவற்றில் எனலாப்ரில் பொட்டாசியத்தை உடலிலேயே தங்கவைக்கும். லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன், கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் ஆகியவையும் அப்படித்தான். மூட்டு வலிக்கு தினமும் இபுப்ரூபன் விழுங்குவதும் சேர்ந்தால் ஆபத்து கூடும். இவற்றில் ஒன்றைச் சாப்பிடுபவர் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை முடித்து, மருத்துவர் சரி என்ற பிறகே பாக்கெட்டைத் திறக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு ஆகாதென்றால் எல்லோருக்கும் ஒரே பானையில் சமைக்கும் வீட்டில் இந்த உப்பு வேண்டாம், சாதாரண உப்பையே குறையுங்கள். உப்பை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு.

இனி சுவை. பொட்டாசியத்துக்கு ஒரு கசப்பு, உலோக வாடை உண்டு. புளியும் தக்காளியும் பூண்டும் மிளகாயும் இருக்கும் இடத்தில் அது மறைந்துவிடும். டர்பன் கோழிக் கறி, மீன் குழம்பு, ரசம், தக்காளிச் சட்னி எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி கலவை நன்றாகவே ஒத்துப்போகும். வெறும் பருப்பு, தயிர், வெள்ளரி, வேகவைத்த முட்டை ஆகியவற்றில் கசப்பு நாக்கில் நிற்கும். அவற்றுக்குக் கால் பங்கு கலவையே போதும், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. மூன்றில் இரண்டு பங்கு பொட்டாசியம் உள்ளதை எந்தக் கறிக்கும் நாங்கள் சொல்லமாட்டோம். சுவை பிடிக்காமல் பாக்கெட் அலமாரியில் கிடக்கும், வீடு பழைய உப்புக்கே திரும்பிவிடும்.

பலர் செய்யும் தவறு, ‘இதில் காரமில்லை’ என்பதுபோல ‘இதில் உப்பில்லை’ என்று இரண்டு மடங்கு போடுவது. பாதிக்குப் பாதி கலவையை இரட்டித்தால் சோடியம் பழைய அளவுக்கே வந்துவிடும், பொட்டாசியம் மட்டும் மிச்சம். ஒரு கிலோ கோழி, மூன்று உருளைக்கிழங்கு போட்ட கறிக்குத் தட்டையாக வழித்த ஒரு டீஸ்பூன் போதும். அதையும் உருளை வெந்த பிறகு போடுங்கள். முதலிலேயே போட்டால் கிழங்கு உள்ளே இழுத்துக்கொள்ளும், குழம்பு சப்பென்றிருக்கும், கை மறுபடி உப்பு டப்பாவுக்குப் போகும். வெங்காயம் வதக்கும்போது உப்பு இல்லாவிட்டால் நீர் விடாமல் ஓரம் கருகும். அடுப்பைத் தணித்து ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும். சோறு வடிக்கவும் ரொட்டி மாவு பிசையவும் உப்பே வேண்டாம், கறியில் இருப்பது போதும்.

எலுமிச்சை ஊறுகாய், மாங்காய் அச்சார் போன்ற நாள்பட வைப்பவற்றில் இதைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே உப்பு சுவைக்கு மட்டுமல்ல, கெடாமல் காப்பதற்கும்தான். பொட்டாசியம் குளோரைடு எடைக்கு எடை அந்த வேலையைச் சோடியம் உப்பு அளவுக்குச் செய்யாது. சின்னப் புட்டியில் குறைந்த உப்போடு போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கோழி வாங்கும்போதே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. உறைந்த கோழித் துண்டு பாக்கெட்டுகளில் உப்புநீர் ஏற்றுவது இங்கே வழக்கம். 2016 அக்டோபரில்தான் துண்டுகளுக்கு 15 சதவீதம், முழுக் கோழிக்கு 10 சதவீதம் என்று உச்சவரம்பு வந்தது. வெறும் கோழியில் 100 கிராமுக்கு 70, 80 மில்லிகிராம் சோடியம் இயற்கையாகவே உண்டு. லேபிளில் ‘டோட்டல் சோடியம்’ அதைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவும் ஏற்றிய உப்பு. இப்படிப்பட்ட கோழிக்கு அரை டீஸ்பூனை இறக்கும்போது ருசிபார்த்துப் போட்டால் போதும்.

அதைவிட மோசம் ஸ்டாக் கியூப், கறிக்குச் சுவை கூட்ட உடைத்துப் போடும் உப்பு மசாலாக் கட்டி. தென்னாப்பிரிக்காவின் சோடியம் விதிகள் 2016-இலும் 2019-இலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் கட்டத்தில் கியூபுக்கு அனுமதித்த உச்சம் 100 கிராமுக்கு 13,000 மில்லிகிராம் சோடியம். அந்த அளவில் ஒரு 10 கிராம் கியூபில் 1,300 மில்லிகிராம், அதாவது மூன்று கிராமுக்கு மேல் உப்பு. பொட்டாசியம் உப்பு வாங்கிவைத்துவிட்டு பீன்ஸ் கறியில் இரண்டு கியூப் உடைத்துப் போட்டால் செலவழித்த காசு வீண். பிரெட்டுக்கு உச்சம் 100 கிராமுக்கு 380 மில்லிகிராம். 600 கிராம் பிரெட்டில் கால்பங்கு பன்னி சாவ் (பிரெட்டைக் குடைந்து கறி நிரப்பியது) என்றால் பிரெட்டில் மட்டும் 570 மில்லிகிராம் வரை வரலாம், உள்ளே இருக்கும் கறி தனி. புரட்டாசி மாதம் கவிச்சி விட்டு சுவை சேர்த்த சோயா பாக்கெட்டுக்கு மாறுபவர்கள் லேபிளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சுவையில்லாத சோயாவை வாங்கி மசாலாவை வீட்டில் சேர்ப்பது மேல்.

பாக்கெட்டைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். நான்கு பேர் வீட்டில், பாதி உப்பு வெளியிலிருந்து வருகிறதென்று வைத்தால், அடுப்படிக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். 500 கிராம் பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். முப்பதே நாளில் தீர்ந்தால் கை இன்னும் பழைய கைதான். அயோடின் கலந்ததுதானா என்றும் பாருங்கள். 1995 முதல் இங்கே மேசை உப்பில் அயோடின் கட்டாயம், மாற்று உப்புகள் எல்லாவற்றிலும் அது இருக்குமென்று எண்ண வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் கறி சப்பென்றுதான் இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, கொத்தமல்லியைத் தாராளமாகச் சேர்த்தால் பழகுவது சுலபம். வாங்கினால் பாதிக்குப் பாதி பாக்கெட்டையே வாங்குங்கள். அதற்கு முன் எனலாப்ரில் சாப்பிடுகிறீர்களா என்று மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.