கோட்டையா, கொக்கட்டிச்சோலையா?

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் எங்கள் வீட்டில் எழும் முதல் தகராறு இதுதான். ஒரு பகல்தான் இருக்கிறது. மட்டக்களப்பில் எதைக் காட்டுவது? அண்ணன் கோட்டை என்பார். நான் கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் என்பேன். கனடாவிலிருந்து தங்கை குடும்பம் வந்தபோது இரண்டுக்கும் ஒரே நாளில் அழைத்துப்போய்த் தீர்ப்பை அவர்களிடமே விட்டோம்.

கோட்டைக்கு முதல் சாதகம் தூரம். புளியந்தீவில், நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது, நடந்தே போய்விடலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அதைப் பிடித்தார்கள். கட்டியவர்கள் அனுபவித்தது பத்து ஆண்டு; ஊர் இன்றும் சொல்வதோ ஒல்லாந்தர் கோட்டை. வீடு கட்டியவன் ஒருவன், பெயர் வாங்கியவன் இன்னொருவன். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பிறகு நெடுங்காலம் அது எங்களுக்குக் கச்சேரி, அதாவது அரச அலுவலகம். காணி விவகாரத்துக்காக அப்பாவோடு கோப்பைச் சுமந்துகொண்டு அதற்குள் போயிருக்கிறேனே தவிர, அதை ஒரு சரித்திரச் சின்னமாக நான் பார்த்ததே இல்லை. நான்கு மூலைக் கொத்தளங்கள், தடித்த மதில், பீரங்கி, அப்பால் வாவி. கால் மணிநேரத்தில் தங்கையின் மகன், என் மருமகன், கேட்டான்: "மாமா, இவ்வளவுதானா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. உள்ளே நிற்கும்போது அது சுவர்தான். நீருக்கு இப்பால், எதிர்க்கரையில் நின்று மாலை வெயிலில் பார்த்தால்தான் கோட்டையாகத் தெரிகிறது. படம் எடுக்க விரும்புகிறவர்கள் உள்ளே அலைந்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கொக்கட்டிச்சோலை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. முன்பு மண்முனையில் 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டும். பாதை என்றால் இங்கே தெரு அல்ல, ஆளையும் வண்டியையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. தங்கை அதைத்தான் எதிர்பார்த்து வந்தாள். 2014இல் பாலம் திறந்தாயிற்று என்றதும் அவளுக்கு ஏமாற்றம். எனக்கோ, மழைக்காலத்தில் அக்கரையில் நோயாளியோடு காத்து நின்றவர்களை நினைத்தால் பாலம்தான் பெரிதாகத் தெரிகிறது. பாலம் தாண்டியதும் இருபுறமும் வயல். இந்தப் பயணமே பாதிக் காட்சி. கோட்டைக்குப் போகும் வழியில் இப்படி எதுவும் கிடைக்காது.

தான்தோன்றீச்சரர் கோயிலில் மருமகன் நின்ற இடம் நந்தியின் முன்னால். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி, "இந்தக் கல் மாடு புல் தின்னுமா?" என்று ஏளனமாகக் கேட்டானாம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டதாம். வந்தவன் திரும்பிப் போய்விட்டான். ஆவணம் கேட்பவருக்கு இது சரித்திரமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டையில் போர்த்துக்கேயருக்கு ஓர் ஆண்டும் ஒரு மதிலும்தான் இருக்கின்றன. இங்கேதான் அவர்களைக் கண்ட சனங்களின் பயமும் நக்கலும் கேட்கின்றன. சாணம் என்ற சொல்லில் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். கோட்டையில் அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

குறையும் உண்டு. அரை நாள் போய்விடும். பூசை நேரம் தவறினால் நடை சாத்தியிருக்கும். தேர்த் திருவிழா நாளில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாதவர்கள் வேறு நாள் பார்க்கலாம். சமாளிக்கக் கூடியவர்கள் அந்த நாளையே தேடி வரலாம்.

மாலைக்கும் ஒரு சின்னப் போட்டி வைத்தோம். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் எழுந்தது. கடலையும் முகத்துவாரத்தையும் ஒருசேரப் பார்க்க நல்ல இடம், பிள்ளைகள் ஓடித் திரியலாம். ஆனால் நிலவு நாள் என்றால் என் வாக்கு கல்லடிப் பாலத்துக்கே. 2013இல் புதிய பாலம் வந்தபின் பழைய இரும்புப் பாலத்தில் நின்று ஆறுதலாகக் காற்று வாங்க முடிகிறது. நிலவு நாளில் இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். அதைக் கேட்கத் தோணியில் போய், துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். மருமகன் வைத்தான். கேட்கிறது என்றான். தங்கை வாங்கி வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றாள். அண்ணன் துடுப்பைத் தொடவே இல்லை. கோட்டை தோற்ற கோபம்.